யாருக்குச் சலுகை, யாருக்குப் பழி? – அமெரிக்காவின் ‘முனைப்பு நடவடிக்கை’ வரலாறு

 

ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, ஸ்பெயின் வரலாறோ உஸ்மானியப் பேரரசின் வரலாறோ வரும் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் எண்ணத்தை மாற்றியது ஒரு சிறு நிகழ்ச்சி. நம் மக்தபில் ஓதி, இப்போது பொறியியல் பயிலும் பெண்பிள்ளை ஒருவர், கல்வி உதவித்தொகைக்காக ஜமாஅத்தின் கடிதம் வேண்டித் தம் தந்தையுடன் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், "ஹஜ்ரத், கிளாஸ்ல என்னைக் கோட்டாவில வந்தவன்னு சொல்றாங்க. மார்க் லிஸ்ட்டக் காட்டினாலும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார். "விடும்மா, அதையெல்லாம் ஹஜ்ரத்துகிட்டச் சொல்லிக்கிட்டு" என்று தந்தை அடக்கினார். கடிதத்தை எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தனுப்பினோம். ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன சொல் நம்மை விட்டு அகலவில்லை.

அச்சொல் நம் ஊரில் மட்டும் வழங்குவதன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களும் பெண்களும் அறுபது ஆண்டுகளாகக் கேட்டு வரும் சொல் அது. அந்நாட்டில் இந்த ஏற்பாடு எவ்வாறு தொடங்கியது, அதனால் பயன் பெற்றோர் யாவர், பழி சுமந்தோர் யாவர், அதை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறியோர் யாவர் என்று படிக்கப் படிக்க நமக்கு வியப்பே மேலிட்டது. பயன் ஒரு பக்கமும் பழி மறு பக்கமுமாகப் பிரிந்து சென்ற வரலாறு அது. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சொல் பிறந்த கதை

1941ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரை முன்னிட்டு அமெரிக்கத் தளவாடத் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்கிக் கொண்டிருந்தன. ஆயினும் அவற்றில் கறுப்பினத்தாருக்குத் துடைப்பம் பிடிக்கும் வேலைக்கு மேல் கிடைப்பது அரிதாயிருந்தது. இரயில் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்த போர்ட்டர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ரண்டால்ஃப், தலைநகர் வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப் போவதாக அறிவித்தார். பேரணி நாள் நெருங்குமுன், ஜூன் 25 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் 8802ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பாதுகாப்புத் தொழில்களில் இனமும் நிறமும் பார்த்து வேலை மறுக்கலாகாது என்றது அவ்வாணை. பேரணியும் கைவிடப்பட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1961 மார்ச் 6 அன்று, அதிபர் கென்னடி 10925ஆம் எண் ஆணையில் கையொப்பமிட்டார். அரசாங்க ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டாதிருந்தால் மட்டும் போதாது, யாவரும் சமமாக நடத்தப்படுவதற்கு முனைந்து நடவடிக்கை எடுக்கவும் வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ என்னும் சொற்றொடர் இவ்வாறே வழக்கிற்கு வந்தது. வரைவைச் சீர்செய்தவர் ஹோபர்ட் டெய்லர் என்னும் கறுப்பின வழக்கறிஞர். ‘பாசிட்டிவ் ஆக்‌ஷன்’ என்பதா, ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ என்பதா என்று தயங்கியவர், இரு சொற்களும் ‘அ’கரத்தில் தொடங்கிச் செவிக்கு இனிதாயிருக்கிறது என்பதால் பின்னதைத் தேர்ந்தார். மோனைக்காகப் பிறந்த சொல் ஒரு நாட்டையே அறுபதாண்டுகள் வாதாட வைத்தது! நாம் இக்கட்டுரையில் இதனை ‘முனைப்பு நடவடிக்கை’ என்றே குறிப்போம். நம் நாட்டில் உள்ளது போல் இத்தனை விழுக்காடு என்று சட்டத்தால் நிறுத்திய ஒதுக்கீடு அன்று அது. ஆள் எடுக்கும்போதும் மாணவரைச் சேர்க்கும்போதும், விடுபட்டுப் போனவர்களைத் தேடிச் சென்று கணக்கில் கொள்ளும் ஏற்பாடு என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

1965 ஜூன் 4 அன்று கறுப்பினத்தார் பயிலும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் ஆற்றிய உரை இதற்கான நியாயத்தை விளக்கியது. பல்லாண்டுகள் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த ஒருவரை அவிழ்த்துவிட்டு, ஓட்டப் பந்தயக் கோட்டில் நிறுத்தி, இனி எல்லோருடனும் போட்டியிடு என்று சொன்னால் அது நியாயமாகாது என்பதே அவ்வுரையின் சாரம். அவ்வாண்டு செப்டம்பர் 24இல் 11246ஆம் எண் ஆணை வந்தது. முனைப்பு நடவடிக்கையின் அடித்தளம் அதுவே.

சலுகை என்பதே கறுப்பினத்தாரிடம்தான் தொடங்கியது என்று எண்ணுவோர் இதற்கும் முந்திய ஒரு சலுகையை மறந்து விடுகின்றனர். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வீட்டுக் கடனும் கல்வித் தொகையும் தருவதற்கு 1944இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நிறம் பற்றி ஒரு சொல்லும் அச்சட்டத்தில் இல்லை. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அந்தந்த ஊர் அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் இருந்தது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் இச்சட்டத்தின்கீழ் உறுதியளிக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு! மற்ற 3,227 பேரையும் எவரும் ‘சலுகையில் வந்தவர்கள்’ என்று அழைத்ததாகத் தெரியவில்லை.

சிரிப்பொலிக்கிடையே நுழைந்த சொல்

இனி, பெண்கள் இவ்வரலாற்றுக்குள் வந்த விதம். கென்னடியின் ஆணையிலும் ஜான்சனின் முதல் ஆணையிலும் இனம், சமயம், நிறம், பிறந்த நாடு ஆகியவை இருந்தன. பெண் என்னும் சொல் இல்லை. 1964இல் குடியுரிமைச் சட்ட முன்வரைவு பிரதிநிதிகள் சபையில் விவாதத்திற்கு வந்தது. பிப்ரவரி 8 அன்று வர்ஜீனியா மாநில உறுப்பினர் ஹோவர்டு ஸ்மித் எழுந்து, வேலை மறுக்கக் கூடாத காரணங்களுள் ‘பால்’ என்பதையும் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொடுத்தார். இவரோ இனப் பிரிவினையை விடாப்பிடியாக ஆதரித்தவர். அச்சட்டமே வரக்கூடாதென்று முயன்றவர். நாட்டில் ஆண்களை விடப் பெண்கள் மிகுந்துவிட்டதால் கணவன் கிடைக்காமல் போகிறது என்று முறையிட்ட ஒரு பெண்ணின் கடிதத்தை அவர் சபையில் படித்துக் காட்ட, சபை சிரிப்பில் ஆழ்ந்தது. சட்டத்தைக் கவிழ்க்கவே அவர் இவ்வாறு செய்தார் என்பர் பலர். பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை அவர் முன்பிருந்தே ஆதரித்து வந்தார் என்பதும் உண்மை. உள்ளத்தில் இருந்தது எதுவென்று அல்லாஹ்வே அறிவான்.

சிரித்தவர்களைப் பார்த்து எழுந்து பேசியவர் மிச்சிகன் மாநிலத்தின் மார்த்தா கிரிஃபித்ஸ் என்னும் பெண் உறுப்பினர். அவர் பேச்சில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. இத்திருத்தம் இல்லாமல் சட்டம் வந்தால், கறுப்பினப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கும், வெள்ளைப் பெண்ணுக்கு ஒன்றும் இராது, அவள் வரிசையின் கடைசியில் நிற்க நேரும் என்றார் அவர். உரிமை கேட்டவர்தான், ஆனால் கேட்ட விதத்தில், கறுப்பினப் பெண் முந்திவிடுவாளோ என்னும் அச்சமும் கலந்திருந்தது. திருத்தம் 168க்கு 133 என்ற வாக்கில் நிறைவேறியது.

மேலவையில் அதே சொல்லைக் காப்பாற்ற எழுதியவர் பாலி மர்ரி என்னும் கறுப்பின வழக்கறிஞர். அவர் காட்டிய காரணம் முற்றிலும் வேறு. இனத்திற்கு மட்டும் பாதுகாப்புக் கொடுத்தால் கறுப்பினப் பெண்ணுக்குப் பாதிப் பாதுகாப்பே கிடைக்கும், பெண் என்று சொல்லி அவளைத் தள்ளிவிடுவார்கள் என்று அவர் குறிப்பு எழுதி அனுப்பினார். இருவரும் ஒரே சொல்லுக்காக வாதாடினர். ஒருவர் கண்ணில் வெள்ளைப் பெண் நின்றார்; மற்றவர் கண்ணில் கறுப்பினப் பெண் நின்றார். பின்னாளில் நடந்ததைப் பார்த்தால், மர்ரியின் அச்சமே மெய்யாயிற்று. அதனைப் பிறகு காண்போம். 1967 அக்டோபர் 13இல் 11375ஆம் எண் ஆணை வந்த பின்னரே பெண்களும் முனைப்பு நடவடிக்கைக்கு உரியோர் ஆயினர்.

தேர்வுத்தாளுக்குப் பின்னால்

‘தகுதி’ என்னும் சொல்லை இவ்விவாதத்தில் யாவரும் கையாள்கின்றனர். அச்சொல்லை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதை அறிய வடகரோலினா மாநிலத்தின் மின்நிலையம் ஒன்றுக்குச் செல்வோம். டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் நிலையத்தில் 95 பேர் வேலை பார்த்தனர். அவர்களுள் 14 பேர் கறுப்பினத்தார். அவர்கள் யாவரும் கூலித் தொழிலாளர் பிரிவிலேயே வைக்கப்பட்டிருந்தனர். அப்பிரிவில் மிக அதிகம் வாங்குபவரின் ஊதியம், மற்றப் பிரிவுகளில் மிகக் குறைவாக வாங்குபவரின் ஊதியத்தை விடக் குறைவு.

குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. அன்றிலிருந்து நிறம் பார்த்து ஒதுக்க முடியாது. அதே நாளில் அந்நிறுவனம் ஒரு புது விதி செய்தது. நல்ல பிரிவில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்று வேண்டும். அத்துடன் இரண்டு அறிவுத் திறன் தேர்வுகளிலும் தேற வேண்டும்! கரி அள்ளுவதற்கும் கொதிகலன் பார்ப்பதற்கும் அந்தத் தேர்வுகளுக்கும் என்ன தொடர்பு என்பதை நிறுவனம் காட்டவில்லை. விதி வருமுன் சேர்ந்த, சான்றில்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலையைச் செவ்வனே செய்து கொண்டும் இருந்தனர். வில்லி கிரிக்ஸ் என்பவரும் உடன் பணிபுரிந்தோரும் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச் 8இல் உச்ச நீதிமன்றம், வந்திருந்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வு, பார்வைக்கு நடுநிலையாக இருந்தாலும், ஓர் இனத்தாரை வெளியே நிறுத்துமாயின் செல்லாது என்றது.

இந்த ஒரு வழக்கை அறிந்தவர், மதிப்பெண் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் ‘இதுவே தகுதி’ என்று சொல்ல நா எழாது.

பயன் பெற்றோர்

1973 ஜனவரியில் அமெரிக்காவின் மாபெரும் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி., அரசாங்கத்துடன் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டது. பெண்களை இணைப்பு கொடுக்கும் ஆபரேட்டர் நாற்காலியிலேயே அமர்த்தி வைத்து, கம்பம் ஏறும் வேலையையும் மேலாளர் பதவியையும் ஆண்களுக்கே வைத்துக் கொண்டதற்கு இழப்பீடாக, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் நிலுவைத் தொகை தர இசைந்தது. அதனைப் பெற்றோரில் சுமார் 13,000 பேர் பெண்கள். சுமார் 2,000 பேர் சிறுபான்மை இன ஆண்கள். முனைப்பு நடவடிக்கை என்றவுடன் கறுப்பின இளைஞனின் முகத்தையே நினைப்போர் இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

மற்றொரு வழக்கு நம்மை மிகவும் கவர்ந்தது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்துச் சாலைப் போக்குவரத்துத் துறையில் திறன்மிகு தொழிலாளர் பணியிடங்கள் 238 இருந்தன. அவற்றில் ஒரு பெண் கூட இல்லை. டயான் ஜாய்ஸ் என்பவர் அங்கே கணக்கு எழுத்தராக இருந்தவர். சாலைப் பணியில் அனுபவம் இல்லை என்று மேல் பணிக்கு அவரை மறுத்தனர். அவ்வாறாயின் அனுபவம் பெறுவோம் என்று சாலைப் பணியில் இறங்கினார். அவ்வேலையில் சேர்ந்த முதல் பெண் அவரே. உடன் வேலை பார்த்த ஆண்களுக்கெல்லாம் வேலையுடை வழங்கப்பட்டது. அவருக்குக் கொடுக்கவில்லை. தம் உடை பாழானதும் மேற்பார்வையாளரிடம் கேட்டார், பயனில்லை. மேலும் மூன்று முறை உடை பாழாயிற்று. எழுத்து மூலம் முறையீடு கொடுத்தார். மறுநாளே நான்கு வேலையுடைகள் வந்து சேர்ந்தன!

1979இல் சாலைப் பணி ஒழுங்காளர் பதவி ஒன்று காலியாயிற்று. நேர்காணலில் பால் ஜான்சன் என்பவர் 75 மதிப்பெண்ணும் ஜாய்ஸ் 73 மதிப்பெண்ணும் பெற்றனர். அடுத்த சுற்றில் நேர்காணல் செய்த மூவருள் ஒருவர், வேலையுடைக்காக ஜாய்ஸ் முறையிட்ட அதே மேற்பார்வையாளர். இன்னொருவர் அவரைக் கலகக்காரி, பாவாடை கட்டியவள் என்னும் பொருள்படப் பேசியவர். மூவரும் ஜான்சனைப் பரிந்துரைத்தனர். துறைத் தலைவர் பதவியை ஜாய்ஸுக்குக் கொடுத்தார். ஜான்சன் வழக்காடினார். 1987 மார்ச் 25இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஜாய்ஸின் நியமனம் செல்லும் என்றது. இரண்டு மதிப்பெண் குறைந்தது என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த மதிப்பெண் ஒரு நேர்காணலில், மனிதர்கள் தம் மதிப்பீட்டால் இட்டது என்பதையும், வேலையுடை கொடுக்கப்படாத கதையையும் பேசியவர்கள் மிகக் குறைவு.

இரு வாயில்களுக்கு நடுவே

இனி, பாலி மர்ரி அஞ்சியதைக் காண்போம். செயின்ட் லூயிஸ் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1964க்கு முன் கறுப்பினப் பெண் ஒருவரும் பணியமர்த்தப்படவில்லை. 1970களின் தொழில் மந்தத்தில், கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி ஆட்குறைப்பு நடந்தது. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். எம்மா டிகிராஃபன்ரீட் என்பவரும் வேறு நால்வரும் வழக்குத் தொடுத்தனர்.

1976இல் மாவட்ட நீதிமன்றம் என்ன சொன்னது? இந்நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை என்றது. எடுக்கப்பட்டவர்கள் வெள்ளைப் பெண்கள். கறுப்பினத்தார் என்று வழக்காடுவதாயின், ஏற்கெனவே நடைபெறும் கறுப்பினத் தொழிலாளரின் வழக்குடன் சேர்ந்து கொள்ளுங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து, ‘கறுப்பினப் பெண்’ என்னும் தனி வகுப்பாகப் பாதுகாப்புக் கேட்க இயலாது என்றும் கூறிற்று. ஒரு வாயிலில் நின்றால் மறு வாயிலுக்குப் போ என்றும், அங்கே சென்றால் இங்கே வா என்றும் சொன்னது போலாயிற்று. சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வழக்கை எடுத்துக்காட்டி, இனப் பாகுபாடும் பால் பாகுபாடும் சந்திக்கும் நாற்சந்தியில் நிற்பவள் இரு பக்கத்து வண்டிகளாலும் அடிபடுகிறாள் என்று விளக்கினார். இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பேசப்படும் ஒரு கோட்பாடு, வேலையிழந்த ஐந்து தொழிலாளப் பெண்களின் வழக்கிலிருந்து வலுப்பெற்றது.

வழக்காடியவர்கள்

1978இல் புகழ்பெற்ற பாக்கி வழக்கு வந்தது. டேவிஸ் நகர மருத்துவக் கல்லூரியில் 100 இடங்களில் 16 இடங்கள் சிறுபான்மை இனத்தாருக்கென இருந்தன. இரு முறை இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்காடி வென்றார். இத்தனை இடம் என்று எண்ணிக்கை வைப்பது கூடாது, ஆனால் இனத்தை ஒரு காரணியாகக் கருதலாம் என்று தீர்ப்பாயிற்று. அக்கல்லூரியின் டீன், செல்வாக்கு மிக்கோரின் பிள்ளைகள் சிலரைத் தம் விருப்பப்படி சேர்த்து வந்தார் என்பதும் அக்காலத்தில் வெளியாயிற்று. அவ்விடங்களை எதிர்த்து ஒருவரும் வழக்காடவில்லை!

இதன்பின் கல்லூரிச் சேர்க்கை வழக்குகளில் வழக்காடுவோரின் முகம் மாறியதை உற்று நோக்க வேண்டும். 1996இல் டெக்சாஸ் சட்டக் கல்லூரியை எதிர்த்து வென்றவர் ஷெரில் ஹாப்வுட். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எதிர்த்தவர்கள் ஜெனிஃபர் கிராட்ஸ், பார்பரா கிரட்டர். 2013இலும் 2016இலும் உச்ச நீதிமன்றத்தில் நின்ற வழக்கு அபிகெய்ல் ஃபிஷருடையது. நால்வரும் வெள்ளைப் பெண்கள். முனைப்பு நடவடிக்கையால் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பெரும்பயன் பெற்ற பிரிவைச் சேர்ந்தவர்களே, கல்லூரி வாயிலில் அதற்கு எதிரான வழக்கின் முகமாயினர். இதில் அவர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. அவர்களுக்குப் பின்னால் பணமும் வழக்கறிஞர்களும் கொண்ட அமைப்புகள் இருந்தன. அனுதாபத்தைப் பெறத்தக்க முகம் எது என்பதை அவை நன்கறிந்திருந்தன.

கிராட்ஸ் வழக்கில் வெளியான மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. 150 மதிப்பெண்ணுக்கு மாணவரை மதிப்பிட்டனர். சிறுபான்மை இனத்தவராயின் 20. நாடெங்கும் பேசப்பட்டது இந்த இருபதே. அதே அட்டவணையில் விளையாட்டு வீரருக்கு 20. மிச்சிகன் மாநிலத்தவருக்கு 10. பெற்றோர் அங்கே படித்திருந்தால் 4. பல்கலைக்கழகத் துணைத் தலைவர் தம் விருப்பப்படி தருவது 20. ஃபிஷர் வழக்கிலும் இவ்வாறே. அவரை விடக் குறைந்த மதிப்பீடு பெற்றும் அவ்வாண்டு நிபந்தனையுடன் சேர்க்கப்பட்டவர் 47 பேர். அவர்களுள் 42 பேர் வெள்ளையர்.

இங்கே நம் சென்னை மாகாணத்து வரலாறு ஒன்று தானாகவே நினைவிற்கு வருகிறது. வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காகப் பகுக்கப்பட்டன. அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இதனை எதிர்த்து வென்றவர் செண்பகம் துரைராஜன் என்னும் பெண்மணி. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதாக்கியது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே கொடுத்திருக்கவில்லை என்பது அத்தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் இங்கே முடிவு வேறாயிற்று. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. அமெரிக்காவில் அத்தகைய திருத்தம் எக்காலத்திலும் வரவில்லை. நீதிபதிகளின் எண்ணிக்கை மாறும்போதெல்லாம் நீதியும் மாறிற்று. அமெரிக்க நீதிமன்றங்களின் கடுமையான அளவுகோல் இந்நாட்டுக்குப் பொருந்தாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னதற்கும் இந்த வேறுபாடே பின்னணி.

தந்தை படித்த கல்லூரி

2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கும் வடகரோலினா பல்கலைக்கழகத்திற்கும் எதிரான வழக்குகளில், சேர்க்கையில் இனத்தைக் கருதுவது அரசியலமைப்புக்கும் சட்டத்திற்கும் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்முறை முன்னிறுத்தப்பட்டவர்கள் ஆசிய வம்சாவளி மாணவர்கள். மதிப்பெண்ணில் உயர்ந்து நின்ற அவர்களுக்கு, பண்புநலன் மதிப்பீடு என்னும் பகுதியில் ஹார்வர்டு குறைவாக இட்டது என்பது முறையீடு. 2019இல் வழக்கை விசாரித்த மாவட்ட நீதிமன்றம், வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஆயினும் அம்மாணவர்களின் மனக்குறையை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. பழகாத ஒருவரின் பண்பை ஒரு தாளைப் பார்த்து மதிப்பிடுவது என்ன நீதி?

அதே வழக்கில் வெளியான மற்றொரு கணக்கைப் பாருங்கள். 2009 முதல் 2014 வரை ஹார்வர்டுக்குத் தேர்வான வெள்ளை மாணவர்களுள் 43 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் முதலியோரின் உறவினர் என்னும் வகைகளில் அடங்குவர். கறுப்பினத்தாருள் இது 16 விழுக்காட்டையும் எட்டவில்லை. தந்தை படித்தார் என்பதற்காக மகனுக்கு இடம் தரும் இவ்வழக்கத்தை அத்தீர்ப்பு தொடவே இல்லை. தந்தை நுழைய முடியாதிருந்த காலத்துப் பிள்ளைக்குத் தரப்பட்டதே பறிக்கப்பட்டது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் பின்னர் தந்தைவழிச் சலுகைக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தன என்பது சிறு ஆறுதல்.

தடை வந்தால் என்னவாகும் என்பதற்கு அந்தக் கலிபோர்னியாவே முன்னரே சான்றாயிருந்தது. 1996 நவம்பரில் அம்மாநில மக்கள் வாக்களித்து முனைப்பு நடவடிக்கையை நீக்கினர். அதற்கு முன்னின்றவர் வார்டு கானர்லி என்னும் கறுப்பினத்தவர். பத்தாண்டுகள் கழித்து, 2006இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகழ்பெற்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த ஏறத்தாழ ஐயாயிரம் புதிய மாணவர்களுள் கறுப்பினத்தவர் 96 பேர். 2023 தீர்ப்புக்குப் பின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தோருள் கறுப்பினத்தாரின் பங்கு, முன்பு ஏறத்தாழ 13 விழுக்காடாயிருந்தது, 5 விழுக்காடாயிற்று.

ஒரே மேசையில் இருவர்

அந்தத் தீர்ப்பை எழுதிய மன்றத்தில் அமர்ந்திருந்த இருவரைக் குறிப்பிடாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. ஒருவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். ஜார்ஜியா மாநிலத்து ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, முனைப்பு நடவடிக்கை நடைமுறையில் இருந்த காலத்தில் ஏல் சட்டக் கல்லூரியில் படித்து, 1974இல் பட்டம் பெற்றவர். வேலை தேடிச் சென்ற இடமெல்லாம், இந்தப் பட்டம் உன் திறமையால் வந்ததா, நிறத்தால் வந்ததா என்று ஐயுற்றார்களாம். மனம் கசந்து, சுருட்டுப் பெட்டியிலிருந்த 15 சென்ட் விலைச் சீட்டைப் பிய்த்துத் தம் பட்டச் சட்டத்தின்மீது ஒட்டினார் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். மற்றொருவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். முனைப்பு நடவடிக்கையால் பிரின்ஸ்டன் வாயில் தமக்குத் திறந்தது என்று தயங்காமல் சொன்னவர். உள்ளே சென்றபின் மிக உயர்ந்த தேர்ச்சியுடன் வெளிவந்தவர்.

2023இல் தாமஸ் அதனை ஒழிக்கும் பக்கம் எழுதினார். சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். தாமஸ் அடைந்த வலியைப் பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். நம் அலுவலகத்தில் நின்ற பிள்ளையின் வலியும் அதுவே. ஆனால் அந்த வலியைத் தந்தது பட்டமா, அதை ஐயுற்ற கண்களா? சீட்டு ஒட்ட வேண்டிய இடம் எதுவென்பதில் நாம் அவருடன் மாறுபடுகிறோம். மிசிசிப்பியில் கடன் பெற்ற அந்த 3,227 பேரின் வீட்டுக் கதவுகளில் எவரும் சீட்டு ஒட்டவில்லையே!

2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையால், ஜான்சனின் 11246ஆம் எண் ஆணை நீக்கப்பட்டது. பெண்களைச் சேர்த்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆணையின் உள்ளே இருந்தமையால், அதுவும் உடன் சென்றது. நீக்கியபோது நாட்டில் எழுந்த பேச்சு பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதாகவே இருந்தது. சிரிப்பொலிக்கிடையே நுழைந்த அந்தச் சொல் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது.

இம்மலரின் படி ஒன்று அந்தப் பிள்ளையின் வீட்டிற்கும் செல்லும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அந்த மதிப்பெண் அட்டவணையைத் தனித்தாளில் எழுதி வைத்துள்ளோம். வேண்டுமாயின் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெற்றுக் கொள்ளலாம்.

வஸ்ஸலாம்.